மரைக்கு ஒரு விரல்

காரை முந்திக்கொண்டு அதன் சக்கரமே ஓடியபோது, பந்தயத் தடத்தின் ஓரத்தில் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். ஒரு நொடிதான். அதற்குள் சக்கரம் இழந்த மூலை தாரில் இறங்கிவிட்டது. பிரேக் தட்டு தரையை உழுதுகொண்டு போக, சிவப்புக் கார் குறுக்கே திரும்பி, டயர்களை அடுக்கிக் கட்டியிருந்த சுவரில் மோதிக் கவிழ்ந்தது.

நேர் ஓட்டத்தின் முடிவில் வரும் வலப்பக்கத் திருப்பம் அது. வலது பக்கம் திரும்பும் கார் இடது பக்கம் சாயும். பிரேக்கையும் மிதித்தால் முன்பக்கமும் சாயும். இரண்டு சாய்வும் வந்து சேரும் இடம் இடது முன்சக்கரம். அந்த நேரத்தில் காரின் பெரும்பாரத்தை அது ஒன்றே தாங்குகிறது. அந்தச் சக்கரத்தைக் காரோடு பிடித்து வைத்திருப்பவை விரல் தடிமன்கூட இல்லாத நான்கு இரும்புத் தண்டுகள். ஸ்டட்டு என்பார்கள். சக்கரத்தின் துளைகள் வழியாக அவை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நுனியில் திருகு வரிகளாக மரை இருக்கும். நட்டைப் போட்டு முறுக்கினால் சக்கரம் நிற்கும். நான்கும் அறுந்திருந்தன.

அந்தக் காரைத் தயார் செய்த மெக்கானிக் கிஷோர் கையில் ரெஞ்சோடு ஓடினான். தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த ஆதித்யாவை நாலு பேர் பெல்ட்டை அறுத்து இழுத்தார்கள். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து நிதானமான குரல் வந்தது.

"அண்ணா, என் கால் எங்கண்ணா?"

"கீதுப்பா, கீது. இன்னா பேசற நீ. கம்னு இரு."

இருந்தது. பாதம் மட்டும் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

*

திருவிடந்தையில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே, சவுக்குத் தோப்பை ஒட்டி இருந்தது கிஷோரின் ஷெட். முன்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பின்னால் ஒற்றை அறை வீடு. நடுவில் கதவு கிடையாது. பழைய பேனர் துணி தொங்கும். கிரீஸ் வாசனை வீட்டுக்குள்ளும் நெத்திலிக் குழம்பு வாசனை ஷெட்டுக்குள்ளும் தடையில்லாமல் போய்வரும்.

ஆதித்யா கல்பாக்கம் பையன். அப்பா அணுமின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவனுக்குச் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. இரண்டு கதவுள்ள பழைய சிவப்புக் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, "தடத்துல ஓட்டணும்ணா, செஞ்சு குடுங்க" என்றான். கிஷோர் அந்தக் காரைப் பிள்ளையைப் போல வைத்துச் செய்தான். பின்சீட்டையும் தரைவிரிப்பையும் பிடுங்கி எடையைக் குறைத்தான். குட்டையான, விறைப்பான ஸ்பிரிங்குகளைப் போட்டு வண்டியைத் தரையோடு தாழ்த்தினான். சக்கரங்கள் எவ்வளவு அகலமாகக் கால் பரப்பி நிற்கின்றனவோ அவ்வளவுக்குத் திருப்பத்தில் வண்டி நிலையாக நிற்கும். அதனால் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு தடிப்பான வளையத்தை வைத்து நான்கையும் வெளியே தள்ளினான். வளையம் வைத்ததும் பழைய ஸ்டட்டுகளின் நீளம் போதவில்லை. நீளமானவை கோவளத்தில் ஜெரோமிடம்தான் இருந்தன. இருவரும் ஒரே பட்டறையில் தொழில் பழகியவர்கள். ஒரு வருஷமாகப் பேச்சு சரியில்லை. இருந்தாலும் போய் வாங்கி வந்தான்.

அந்த ஊர்க் காற்றில் உப்பு உண்டு. சாயங்காலம் வெறுமனே விட்ட போல்டு காலையில் பழுப்பேறி நிற்கும். கிஷோரின் மனைவி யோகேஸ்வரி சதுரங்கப்பட்டினத்துக் குப்பத்தில் பிறந்தவள். அவள் அப்பா தேசப்பன் படகு இன்ஜின் பழுது பார்ப்பவர். அங்கே எந்த நட்டும் வெறும் மரையில் ஏறாது. 'மரைக்கு ஒரு விரல்' என்பது அந்த வீட்டின் கணக்கு: ஒரு விரல் நுனி கிரீஸ். தடவாமல் முறுக்கினால் அடுத்த தடவை உளியால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். கல்யாணமாகி வந்த பிறகு இந்த ஷெட்டிலும் அது அவள் வேலையானது. உலையை ஏற்றிவிட்டு, அப்பா கொடுத்த கிரீஸ் டப்பாவோடு வந்து, கழற்றிப்போட்ட ஒவ்வொரு மரைக்கும் ஒரு விரல் வைப்பாள். கியர்பாக்ஸ் இறக்கும்போது அடியில் படுத்துத் தாங்கிப் பிடிப்பதும் அவள்தான்.

வண்டிக்காரர்கள் வந்தால் மட்டும் பேனர் துணிக்குப் பின்னால் போய்விட வேண்டும்.

"பொம்பள கை வெச்ச வண்டின்னு தெரிஞ்சா எவன்மே இங்க வருவான்?" என்பான் கிஷோர்.

ஒருநாள் ஆதித்யா முன்கூட்டியே வந்துவிட்டான். அவள் கையில் ஸ்பானர் இருந்தது. "அக்காவும் வேலை செய்வாங்களா?" என்று ஆசையாகத்தான் கேட்டான்.

"சேச்சே. அவ டீ குடுக்க வந்தா தம்பி" என்றான் கிஷோர். அவள் ஸ்பானரை வைத்துவிட்டு டீ போடப் போனாள்.

*

திங்கட்கிழமை காலை தூறிக்கொண்டிருந்தது. இரண்டு வண்டிகள் ஷெட்டின் வாயிலை அடைத்துக்கொண்டு நின்றன. இறங்கியவர் ரவிச்சந்திரன், ஆதித்யாவின் தாய்மாமன். கடற்கரைச் சாலையோரம் நிலம் வாங்கி விற்பவர். உடன் வந்தவர்கள் கையில் வெட்டிய தண்ணீர்க் குழாய்த் துண்டுகள் வைத்திருந்தார்கள்.

"தம்பிதான் கிஷோரா?"

"ஆமாண்ணா. ஆதித்யா எப்டி கீறாரு? ஆஸ்பத்திரில உள்ள வுட மாட்டேன்னுட்டாங்க."

"கால எடுத்துட்டாங்க. கணுக்காலுக்கு மேல."

ரவிச்சந்திரன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, அங்கே கிடந்த டயரின் மேல் பத்திரமாக வைத்தார். பிறகு அறைந்தார். கிஷோர் காற்றடிக்கும் மிஷின்மேல் போய் விழுந்தான். அவனை எழுப்பி நிறுத்தி மறுபடி அறைந்தார். மற்றவர்கள் வேலையைத் தொடங்கினார்கள். சுவர்ப் பலகையில் வரிசையாகத் தொங்கிய ஸ்பானர்கள் பலகையோடு கீழே வந்தன. பழுதுக்கு நின்ற யாருடையதோ காரின் முன்கண்ணாடி ஒரே அடியில் வெள்ளையானது. இரண்டாவது அடியில் உள்ளே கொட்டியது.

யோகேஸ்வரி துணியை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "யோவ், இன்னாய்யா பண்றீங்க? ஆம்பளைங்கதானே நீங்க? பேசுங்கய்யா, பேசிட்டு அடிங்க!"

ஒருவன் அவளைத் தோளில் தள்ளினான். அவள் அடுப்போடு சாய்ந்தாள். குழம்புச் சட்டி கவிழ்ந்து, புளியும் நெத்திலியும் இன்ஜின் ஆயில் கறைமேல் ஓடின.

"பொம்பளை மேல கை வைக்காதடா" என்று ரவிச்சந்திரன் அவனை அதட்டினார். கிஷோரின் சட்டையைப் பிடித்து நிமிர்த்தினார். குரல் தாழ்ந்திருந்தது. "இந்தா பாரு தம்பி. எங்கக்கா கல்யாணி நேத்துலேர்ந்து சோறு தின்னல. ஒரே கேள்விதான் கேக்கறா. யாரு பண்ணது, யாரு பண்ணது. நான் அவளுக்கு ஒரு பேரு கொண்டு போவணும். உன் பேரா, வேற பேரா?"

கிஷோரின் உதடு கிழிந்திருந்தது. தடத்தில் நடந்ததை அவன் இரவெல்லாம் நினைத்துப் பார்த்திருந்தான். ஒவ்வொரு ஓட்டம் முடிந்து வண்டி உள்ளே வந்தபோதும் அந்த நட்டுகளை ரெஞ்சு வைத்துச் சோதித்தான். ஒவ்வொரு முறையும் நட்டு கொஞ்சம் திரும்பிய பிறகே, முறுக்கு போதும் என்று ரெஞ்சு சொல்லும் கிளிக் கேட்டது. கழன்றுகொண்டே வருகிறது என்று நினைத்து முறுக்கினான். "ஸ்டட்டு சரியில்லப்பா, போதும்" என்று சொல்ல வாயெடுத்தான். "இன்னும் ஒரே ரவுண்டுண்ணா" என்றான் ஆதித்யா. விட்டுவிட்டான்.

"என் வேல சுத்தம்ணா" என்றான் இப்போது. "ஸ்டட்டுதான் அறுந்துச்சு. அது கோவளம் ஜெரோம் குடுத்தது. டூப்ளிகேட்டு."

"அவன் ஒத்துக்குவானா?"

கிஷோர் உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தான்.

"நீ போய்க் கேளு. சாயங்காலம் வரேன். அவன் ஒத்துக்கிட்டான்னா அவன் கடைக்குப் போறேன். இல்லன்னா எனக்கு இந்த ஷெட்தான் தெரியும்."

கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு போனார்.

*

ஜெரோம் கோவளத்தில் மாதா கோயிலுக்குப் பின்சந்தில் உதிரிபாகக் கடை வைத்திருந்தான். பகல் சாப்பாடு முடித்துக் கைகழுவிக்கொண்டிருந்தான்.

"இன்னா மச்சான், மூஞ்சி வீங்கிகீது? பொண்டாட்டி அடிச்சிட்டாளா?"

கிஷோர் தடத்தில் பொறுக்கிய அறுந்த ஸ்டட்டுகளைப் பையிலிருந்து மேசைமேல் கொட்டினான். "டூப்ளிகேட்டு குடுத்தியாடா?"

"இன்னாத்த?"

"பையனுக்குக் காலு பூட்சுடா. எடுத்துட்டாங்க."

"மாதாவே." ஜெரோம் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்தான். வெளிச்சத்தில் திருப்பினான். "டேய், இது மட்ட இரும்பு இல்ல. மட்ட இரும்பு பிஸ்கோத்து மாரி பட்டுனு உடையும். மொனை தட்டையா இருக்கும். இத்தப் பாரு, நடுவுல எப்டி மெலிஞ்சிகீது. நீ ஓவரா முறுக்கிகீற."

"கிளிக் வெச்சிதான்டா முறுக்கினேன். புக்குல போட்ட நம்பருக்கு."

"அப்ப கிளிக் ரிப்பேரு."

"புதுசு."

"அப்ப உன் கை ரிப்பேரு. உனக்கு எப்பவும் கையில பலம், மேல மாடி காலி. அன்னிக்கே சொன்னேன் அந்தப் பட்டறையில..."

அடி விழுந்தது. கையில் கொண்டுவந்திருந்த சக்கர ஸ்பானரால். முதல் அடி தோளில். ஜெரோம் ஆயில் டப்பாக்களோடு சரிந்தான். எழுந்து கிஷோரின் வயிற்றில் முட்டினான். இருவரும் கட்டிப்புரண்டு தராசைத் தள்ளினார்கள். கிஷோர் மேலே வந்தான். ஜெரோமின் வலது கையைப் பட்டறைக் கல்லின்மேல் அழுத்திப் பிடித்தான்.

"ஒத்துக்க. டூப்ளிகேட்டுன்னு ஒத்துக்க."

"மாட்டேன்டா பொறம்போக்கு."

ஸ்பானர் இறங்கியது. ஏதோ நெறிபட்ட சத்தம் கேட்டது. சந்தில் வேடிக்கை பார்த்த மீன்காரம்மா ஒருத்தி "ஐயோ வுட்ருங்கடா" என்று கத்தினாள்.

"ஒத்துக்க."

"ஒத்துக்கினா வுட்ருவியா?" ஜெரோமுக்கு மூச்சு திணறியது. "சரி. நான்தான். டூப்ளிகேட்டு. போதுமா? உங்கூட்டுக் கூரைய நான்தான் பிரிச்சேன். சுனாமியும் நான்தான் வுட்டேன். போதுமாடா?"

கிஷோர் ஸ்டட்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். வண்டியை உதைத்துக் கிளப்பினான்.

*

யோகேஸ்வரி தரையில் சிதறியிருந்த சாமான்களைப் பொறுக்கி, தூறலில் நனைந்தவற்றைத் துடைத்து, கிரீஸ் தடவி அடுக்கிக்கொண்டிருந்தாள். தள்ளப்பட்ட தோள் வலித்ததால் இடது கையால் செய்துகொண்டிருந்தாள்.

"ஒத்துக்கினான்" என்றான் கிஷோர்.

"அடிச்சியா?"

அவன் ஸ்பானரை அவள் எதிரில் போட்டான். அதன் முனையில் ரத்தம் இருந்தது.

"யோவ், அந்தண்ணன் நம்ப கல்யாணத்துக்கு மாலை எடுத்துகினு வந்தவருய்யா."

"பையன் காலு பூட்சு. மாலையாம் மாலை."

அவள் பையிலிருந்து ஒரு ஸ்டட்டை எடுத்தாள். பழக்க தோஷத்தில் மரையைக் கட்டைவிரலால் துடைத்தாள். விரல் கறுத்தது. மூக்கருகே கொண்டுபோனாள்.

"இது எங்கப்பா டப்பா கிரீஸுய்யா."

"இன்னா?"

"நான் வெச்சது. சக்கரம் கழட்டி வெச்சிருந்தல்ல, அன்னிக்கு சாய்ங்காலம். நாலு பக்கமும். மரைக்கு ஒரு விரல்."

கிஷோர் அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கினான்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. போல்டு என்பது பார்வைக்குத் திருகாணி. உண்மையில் அது ஒரு ஸ்பிரிங். நட்டை முறுக்கும்போது தண்டு மயிரிழை அளவுக்கு நீள்கிறது. நீண்டது பழையபடி சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் சக்கரத்தைப் பிடித்து வைக்கிறது. ஆனால் அளவுக்கு மேல் இழுத்தால் அது திரும்பிச் சுருங்காது. சவ்வுமிட்டாயைப் போல மெலிந்துகொண்டே போகும். எவ்வளவு முறுக்க வேண்டும் என்று காரின் கையேட்டுப் புத்தகத்தில் ஓர் எண் இருக்கும். ரெஞ்சில் அந்த எண்ணை வைத்து முறுக்கினால், அளவு வந்ததும் கிளிக் என்று சொல்லும். ஆனால் தண்டு எவ்வளவு நீண்டது என்று ரெஞ்சுக்குத் தெரியாது. கை எவ்வளவு சிரமப்பட்டது என்றுதான் தெரியும். உலர்ந்த மரையில் அந்தச் சிரமத்தில் பெரும்பங்கு உராய்வுக்கே போய்விடுகிறது. மிச்சம்தான் தண்டை இழுக்கிறது. புத்தகத்து எண் அப்படி உலர்ந்த மரைக்குச் சொன்னது. கிரீஸ் வைத்தால் உராய்வு குறைகிறது. அதில் மிச்சமான பலம் முழுவதும் தண்டின்மேல் போய் விழுகிறது. கிளிக் அதே கிளிக்தான். தண்டு மட்டும் தாங்க முடியாத நீளத்துக்குப் போய்விடுகிறது. படகில் இது தெரியாது. அங்கே கிளிக் ரெஞ்சு கிடையாது. கை அறிந்த முறுக்குதான். புத்தகம் எழுதியவருக்கும் தெரியாது. அவர் உப்புக் காற்றில் உட்கார்ந்து எழுதவில்லை. இரண்டும் சந்தித்த இடம் இந்த ஷெட்.

தடத்தில் நட்டு ஒவ்வொரு முறையும் திரும்பியதே, அது கழன்றதால் அல்ல. ஸ்டட்டு நீண்டுகொண்டிருந்தது. அதை அவன் இன்னும் இன்னும் இழுத்திருக்கிறான்.

அந்த நட்டுகள் வெண்ணெய் போல ஏறியது கிஷோருக்கு ஞாபகம் வந்தது. 'இன்னா ஸ்மூத்தா போவுது பாரு' என்று சந்தோஷப்பட்டதும் ஞாபகம் வந்தது. கை ஓங்கினான்.

யோகேஸ்வரி நகரவில்லை. "அடி. ஆனா கணக்கு பாத்துகினு அடி. 'யோகா, எல்லாத்துக்கும் தடவி வெச்சிரு, உப்புக் காத்து'ன்னு சொன்னது யாரு? கிளிக்குன்னு ஒண்ணு புதுசா வாங்கினு வந்தியே, அத்த எனக்குக் காட்டினியா? நான் டீ குடுக்கறவதானே?"

ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவன் தலையில் வைத்துக்கொண்டான்.

"ஜெரோம் சொன்னான்" என்றான். "மெலிஞ்சிகீது பாருன்னு சொன்னான். அதுக்கப்புறம்தான் அடிச்சேன்."

*

சொன்னபடி சாயங்காலம் ரவிச்சந்திரன் வந்தார். மழை வலுத்திருந்தது. நனையாமல் கூரைக்குள் வந்து நின்று, தலையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

"ஒத்துக்கிட்டானா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். ஜெரோம் ஒத்துக்கொண்டதைச் சந்தே கேட்டிருக்கிறது. வண்டிகள் கோவளத்துக்குத் திரும்பிப் போய்விடும். இங்கே கிஷோர் சோறு தின்னலாம்.

"அவன் மேல தப்பு இல்லண்ணா" என்றான் கிஷோர். "ஸ்டட்டு நல்ல ஸ்டட்டு. நான்தான். கிரீஸ் தடவிட்டு முறுக்கிட்டேன். தடவக் கூடாது."

"பொய்யி" என்றாள் யோகேஸ்வரி. துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு நடுவில் வந்து நின்றாள். "தடவினது நானு. அவருக்குத் தெரியாது. முறுக்கினது அவரு, கிரீஸ் வெச்சது நானு. உங்கக்காகிட்ட பேரு சொல்லணும்னா ரெண்டு பேரும் சொல்லுங்க. யோகேஸ்வரின்னு சொல்லுங்க."

ரவிச்சந்திரன் அவளைப் பார்த்தார். முதல்முறையாக அவர் முகத்தில் இரக்கம் மாதிரி ஒன்று வந்தது.

"புருஷன காப்பாத்தணும்னு சொல்ற. நல்ல பொண்ணு. உள்ள போம்மா."

"நான் சொல்றது நெஜம்ங்க. இந்தா பாருங்க கைய." இரண்டு கைகளையும் நீட்டினாள். நகக்கண்ணிலெல்லாம் கறுப்பு ஏறியிருந்தது.

"சட்டி கழுவினா யார் கையும் கறுக்கும். ஆதித்யாவே சொல்லியிருக்கான், அந்தக்கா டீ நல்லா போடுவாங்கன்னு." திரும்பி கிஷோரிடம் சொன்னார்: "இவ பேரக் கொண்டுபோய்ச் சொன்னா எங்கக்கா என்னைச் செருப்பால அடிப்பா. ஒரு பொம்பளையக் காட்டித் தப்பிக்கப் பாக்கறானான்னு கேப்பா."

"அவ சொல்றது..." என்று தொடங்கினான் கிஷோர். முடிக்கவில்லை. முடித்தால் அவளுக்கு என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியவில்லை. முடிக்காவிட்டால் தனக்கு என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தது.

இரண்டு பேர் அவன் கையைப் பிடித்து, மேசையோரத்து இரும்பு இடுக்கியான வைஸின் வாயில் வைத்தார்கள். அவனுடைய வைஸ்தான். மரச்சட்டம் பிடிப்பதுபோல ஒருவன் கைப்பிடியைச் சுற்றினான். ரவிச்சந்திரன் தரையில் கிடந்த சக்கர ஸ்பானரை எடுத்தார். அதில் ஏற்கெனவே ரத்தம் இருப்பதைப் பார்த்து ஒரு கணம் யோசித்தார். பிறகு அடித்தார்.

யோகேஸ்வரி அவர் முதுகில் பாய்ந்து கழுத்தைக் கடித்தாள். அவளை உதறி எறிந்தார்கள். அவள் மறுபடி எழுந்து கையில் கிடைத்ததை வீசினாள். கிரீஸ் டப்பா ரவிச்சந்திரனின் வெள்ளைச் சட்டையில் பட்டு வழிந்தது. அவர் அவளைத் திருப்பி அடிக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அடிய்யா! என்னையும் அடிய்யா! நான்தான்னு சொல்றேன் இல்ல!" என்று மழையில் வண்டிகளுக்குப் பின்னால் சாலை வரைக்கும் கத்திக்கொண்டு ஓடினாள்.

*

செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் எலும்புக் கட்டுப் போடும் இடத்துக்கு வெளியே நீளமான பெஞ்சு. அதன் ஒரு முனையில் ஜெரோம் உட்கார்ந்திருந்தான். வலது கை முழங்கை வரை மாவுக்கட்டு. கிஷோரைக் கட்டுப் போட்டு வெளியே கொண்டுவந்தபோது அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னாடா, உன்னுதும் சோத்துக் கையா?"

கிஷோர் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தான். "மச்சான்..."

"மச்சான் கிச்சான்னா இன்னொரு கை நல்லா கீது, தெரியுமில்ல? நான் ஒத்துக்கினேனே, போயி சொல்லிட்டு நிம்மதியா இருக்க வேண்டியதுதானே. உனக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?"

யோகேஸ்வரி கடையிலிருந்து வாங்கிவந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். சாம்பார் பையின் முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள்.

"ண்ணா, உன் ஸ்டட்டு மேல தப்பு இல்ல. கிரீஸ் வெச்சிட்டேன் நானு."

ஜெரோம் இடது கையால் இட்லியைப் பிட்டவன் நிறுத்தினான். "நீயா?"

"நான்தான்."

அவன் சிரிக்கவில்லை. 'நீயா' என்று மறுபடி கேட்கவும் இல்லை. "எந்த கிரீஸு? போட்டு இன்ஜினுக்குப் போடறதா?"

"ஆமாண்ணா."

"அது வழவழன்னு இருக்குமே. அத்த வெச்சிட்டு புக்கு நம்பருக்கு முறுக்கினானா இந்த நாயி? அறாம இன்னா பண்ணும்? நம்பரக் கொறைக்கணும்."

"எவ்ளோ கொறைக்கணும்?"

"மூணுல ஒரு பங்கு கொறைச்சாதான் தாங்கும். இல்லாங்காட்டி மரைய மண்ணெண்ணெய் போட்டு சுத்தமா தொடச்சிட்டு முறுக்கணும்."

யோகேஸ்வரி காலடியில் வைத்திருந்த துணிப்பையைத் திறந்தாள். ரவிச்சந்திரனின் ஆட்கள் ஷெட்டின் கதவையும் பெயர்த்துப்போட்டதால் பூட்ட முடியவில்லை. அதனால் ரெஞ்சைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டு, கைப்பிடியில் பொறித்திருந்த கோடுகளைப் புடவை முந்தானையால் துடைத்தாள்.

"எந்தப் பக்கம் திருப்பினா கொறையும்ணா?"

கிஷோர் சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

"அடியில லாக்க வுடு மொதல்ல" என்றான் ஜெரோம். "ஆங். இப்ப உன் பக்கமா திருப்பு."

அவள் திருப்பினாள். ஒரு கோடு இறங்கியது.

"இன்னும்" என்றான் ஜெரோம்.